எத்தனை அடி ஆழம்? டேன்பரி கோட்டையில் மண்ணை வாசித்த கதை

அகழாய்வுச் செய்தி எது வந்தாலும் அதில் ஓர் அளவு கட்டாயம் இருக்கும். இத்தனை அடி ஆழத்தில் பானை, இத்தனை அடி ஆழத்தில் உறைகிணறு. வாசிக்கிற நாமும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறோம். ஆழம் கூடினால் பழமையும் கூடும் என்பது நம் மனக்கணக்கு. மண்ணை வாசிக்கிறவர்களிடம் கேட்டால் அது பாதி உண்மை என்பார்கள். சில இடங்களில் பாதிகூடத் தேறாது.

டேன்பரி அப்படி ஓர் இடம். தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், வின்செஸ்டர் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 19 கிலோமீட்டரில் இருக்கும் இரும்புக்கால மலைக்கோட்டை. அதன் நடுப்பகுதியில் மேல்மண்ணைச் சுரண்டினால் முழங்கால் ஆழம்கூடப் போகாமல் பாறை வந்துவிடும். நூற்றாண்டுகள் இடைவெளி கொண்ட தடயங்கள் எல்லாம் அந்தப் பாறை முகத்தில் ஒரே மட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அங்கிருந்து எழுந்து கோட்டைக் கரையின் உட்புறம் வரை நடந்தால், அதே மக்கள் வாழ்ந்த தரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். ஒரே கோட்டை, ஒரே மக்கள், இரண்டு விதமான மண்.

மலைக்கோட்டை என்றதும் திருச்சியையோ செஞ்சியையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கல் மதில் கிடையாது, கோபுரம் கிடையாது. சுற்றிலும் அகழி வெட்டி, வெட்டிய மண்ணையும் கல்லையும் உட்புறமாகக் கொட்டிக் கரை எழுப்பியிருக்கிறார்கள். நம் கண்ணுக்குப் பெரிய ஏரிக்கரை ஒன்று வட்டமாக வளைந்து கிடப்பதுபோல்தான் தெரியும். உள்ளே சுமார் 12 ஏக்கர். குன்று முழுக்கச் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணப்பாறை. கடப்பாறை வேண்டாம், மான் கொம்பும் இரும்புக் கொத்தும் இருந்தால் போதும், வெட்டிவிடலாம். வெட்டினால் ஓரம் சரியாமல் நிற்கும். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். அதைவிட முக்கியம், வெள்ளைப் பாறையில் ஒரு குழி வெட்டி அது பின்னால் கறுப்பு மண்ணால் நிரம்பினால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மேலிருந்து பார்க்கும்போது மை கொட்டிய வட்டம் மாதிரி தெரியும். அகழாய்வு செய்பவருக்கு இதைவிட வசதியான பாறை கிடைக்காது.

தொல்லியலாளர் பாரி கன்லிஃப் 1969-இல் இங்கே தோண்டத் தொடங்கினார். மேட்டில் வளர்ந்திருந்த மரங்கள் நோயில் பட்டுப்போய், புதிய கன்று நட வேண்டிய நிலை வந்ததுதான் தொடக்கக் காரணம். மரத்துக்குக் குழி எடுத்தால் அடியில் இருப்பது கெடும், அதற்கு முன் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, 1988 வரை கோடைதோறும் 20 பருவம் ஓடியது. கோட்டையின் உட்பரப்பில் 57 சதவீதம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் எந்த மலைக்கோட்டையையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை என்றே சொல்லலாம்.

கிடைத்தது என்ன? சுமார் 18,000 தூண்குழிகள். சுமார் 2,400 தானியக் குழிகள். குறைந்தது 73 வட்ட வீடுகள். நான்கு அல்லது ஆறு கால்களில் தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய களஞ்சியம் போன்ற செவ்வகக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில். இரண்டு லட்சத்துக்கும் மேலான எலும்புத் துண்டுகள். பானை ஓடுகளும் லட்சக்கணக்கில்தான்.

இத்தனையையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். கால் வைக்க இடமில்லாத ஊர், அடுத்தடுத்துக் குழிகள், ஆயிரக்கணக்கான மக்கள் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். கோட்டை ஏறத்தாழ கி.மு. 550 முதல் கி.மு. 100 வரை இருந்தது, அதாவது 450 ஆண்டு. 2,400 குழிகளை 450-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்து சொச்சம் வரும். தோண்டாத பகுதியையும் சேர்த்தால் ஒன்பதோ பத்தோ. ஆண்டுக்குப் பத்துக் குழி வெட்டிய ஊர் நெரிசலான ஊர் இல்லை. ஒரே கண்ணாடித் தகட்டில் 450 படங்களை எடுத்த புகைப்படத்தை ஒரு நாளின் படம் என்று நம்பினால் எப்படி இருக்கும், அப்படித்தான் அந்த வரைபடமும். கன்லிஃப் போட்ட மக்கள்தொகைக் கணக்கு சில நூறு பேர், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்தக் குழி எந்தக் காலம் என்று எப்படிப் பிரிப்பது?

கரைக்குப் பின்னால் இருந்த பள்ளம்

பதில் கரையின் நிழலில் கிடந்தது. முதலில் கட்டிய கரையைப் பின்னால் ஒருமுறை உயர்த்தியபோது அதற்கு வேண்டிய சுண்ணக்கல்லைக் கோட்டைக்கு உள்ளேயே, கரையின் அடியை ஒட்டி வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் கரையோடு கூடவே உட்புறம் ஒரு நீளப் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை அப்படியே விட மனிதனுக்கு மனசு வராது. காற்றும் மழையும் அடிக்காத மறைவு வேறு. கொஞ்ச நாளில் அங்கே வீடுகள் ஏறின.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மேட்டிலிருந்து மழையில் கரைந்த மண் இறங்கியது. கரையிலிருந்து கல்லும் தூளும் சரிந்தன. ஆட்கள் மிதித்த சேறு பள்ளத்தில் சேர்ந்தது. தரை உயர உயர, பழைய வீட்டின் மேல் புதிய வீடு வந்தது. கோட்டையின் நடுவிலோ இதற்கு நேர்மாறு. அங்கே மண் சேரவே இல்லை, சேர்ந்ததும் போய்விட்டது. தரை, அடுப்பு, நடைபாதை எல்லாம் அரித்துப்போக, பாறைக்குள் வெட்டியவை மட்டும் மிஞ்சின. நாம் "கோட்டை வாழ்க்கை" என்று பேசுவதில் பெரும்பங்கு, உண்மையில் கரையோரப் பள்ளத்து வாழ்க்கை. இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்தப் பள்ளத்தின் வெட்டுமுகத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு வீட்டின் தரை என்பது ஒற்றைக் கோடு இல்லை. அடியில் சுண்ணக்கல்லை இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்துப் போட்ட வெள்ளைப் பூச்சு. அதன் மேல் விரல் தடிமன்கூட இல்லாத சாம்பல் நிறப் படலம். கரித்தூள், நசுங்கிய எலும்பு, ஓட்டுத் துணுக்கு எல்லாம் காலடியில் அரைபட்டுக் கிடக்கும். அதற்கு மேலே மறுபடி வெள்ளை. மறுபடி சாம்பல். எங்கள் பாட்டி வீட்டில் திண்ணையின் ஓரம் ஒருமுறை பெயர்ந்தபோது இதே மாதிரிதான் இருந்தது. பல ஆண்டு மெழுகல் தாள் தாளாக, நடுநடுவே அழுக்குக் கோடு. தரை தேய்ந்தது, பூசினார்கள், தேய்ந்தது, பூசினார்கள். டேன்பரியிலும் ஒரே வீட்டுக்குள் இப்படித்தான். ஒரு வெள்ளைக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மாதம் என்று மண் சொல்லாது. ஆனால் எது முன், எது பின் என்பதில் சந்தேகமே வைக்காது.

இந்த முன் பின்தான் சாவி. ஒவ்வொரு அடுக்கிலும் கிடந்த பானை ஓடுகளைத் தனித்தனியே வைத்து, எந்த வடிவம் முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்று வரிசை கட்டினார்கள். அந்த வரிசைக்கு ரேடியோ கார்பன் முறையில் ஆண்டுக்கணக்கு கொடுத்தார்கள். பிறகு அதே ஓட்டு வரிசையை எடுத்துக்கொண்டு நடுப்பகுதிக்குப் போய், அடுக்கே இல்லாமல் கிடந்த குழிகளை ஒவ்வொன்றாகக் காலவாரியாகப் பிரித்தார்கள். நடுப்பகுதியின் ஆழம் ஒன்றும் சொல்லவில்லை, பள்ளத்தின் அடுக்குதான் அதற்கும் சேர்த்துப் பேசியது.

பிரித்த பிறகு ஊர் வேறு மாதிரி தெரிந்தது. தொடக்கத்தில் வீடும் குழியும் அங்கங்கே சிதறிக் கிடந்தன. கி.மு. 300-ஐ ஒட்டி ஒழுங்கு வருகிறது. கரை உயர்கிறது, இரண்டு வாயில்களில் தென்மேற்கு வாயிலை அடைத்துவிடுகிறார்கள், கிழக்கு வாயில் ஒன்றே போக்குவரத்துக்கு. அங்கிருந்து உள்ளே போகும் தெருவின் ஓரங்களில் கால் நட்ட களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பழுதானால் அதே இடத்தில் அடுத்தது. அந்த வரிசையைத் தலைமுறை தலைமுறையாக யாரோ கட்டிக்காத்திருக்கிறார்கள்.

ஒரு குழிக்குள் இறங்கினால்

தானியக் குழி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மண் புரியாது. வாய் சிறுத்து வயிறு பெருத்த, தேன்கூட்டு வடிவக் குழி. ஒரு டன்னுக்கு மேலும் தானியம் பிடிக்கும். ஸ்பெல்ட் என்கிற உமிக் கோதுமையும் வாற்கோதுமையும்தான் அங்கே முக்கியப் பயிர். கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்து, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். ஓரத்துத் தானியம் ஈரம் பட்டு முளைவிடத் தொடங்கும். முளைக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் முளையும் நிற்கும், பூச்சியும் சாகும், மிச்சத் தானியம் தூங்கப் போய்விடும். ஓரத்தில் ஒரு மெல்லிய தோல் மட்டும் நஷ்டம்.

பீட்டர் ரெனால்ட்ஸ் என்பவர் 1972 முதல் பட்ஸர் என்ற இடத்தில் இரும்புக்காலப் பண்ணை ஒன்றையே நடத்தி, உண்மையாகவே குழி வெட்டி, தானியம் கொட்டி, குளிர்காலம் தாண்டித் திறந்து பார்த்தார். எடுத்த தானியம் விதைத்தால் முளைத்தது. உணவுக்குத் தினமும் கொஞ்சம் எடுக்கிற பாத்திரம் இல்லை இது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஒருமுறை திறந்தால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும், முழுக்க எடுத்தாக வேண்டும். ஆகவே குழி விதைக்கு, களஞ்சியம் சாப்பாட்டுக்கு என்று பலர் கருதுகிறார்கள். நிலத்தடியில் சோளமும் கேழ்வரகும் போட்டு வைத்த நம் பழைய ஆட்களுக்கு இது புதுசில்லை. திறந்த குழிக்குள் உடனே இறங்காதே என்று எச்சரிப்பார்களே, அந்த விஷக்காற்றுதான் இங்கே தானியத்தைக் காத்தது.

சரி, தானியம் எடுத்தாயிற்று. இப்போது காலிக் குழி. குழியின் இரண்டாவது வாழ்க்கை இங்கே தொடங்குகிறது, மண் பேசுவதும் இதைப் பற்றித்தான். பாதியை மட்டும் வெட்டி, மிச்சப் பாதியின் முகத்தைச் சீவிப் பார்த்தால் வரிசை இப்படி வரும். அடியில் மெல்லிய மாவு போன்ற வண்டல்: குழி மூடாமல் திறந்து கிடந்தது, மழை பெய்தது. அதன் மேல் சுவரோரமாகத் தடித்து நடுவில் மெலியும் வெள்ளைக் கல் குவியல்: பனிக்காலம் வந்து, சுண்ணச்சுவரில் ஊறிய நீர் உறைந்து விரிந்து, செதில் செதிலாக உதிர்த்திருக்கிறது. ஆக, குறைந்தது ஒரு குளிர்காலம் குழி திறந்தே இருந்தது. சிலவற்றில் அந்தக் கல்லின் மேல் ஒரு நாயின் முழு எலும்புக்கூடு, அல்லது குதிரையின் கால் எலும்புகள் மூட்டுக் கழலாமல், அல்லது அண்டங்காக்கை ஒன்று, இறக்கையோடு. அதற்கு மேல் மறுபடி வண்டல். பிறகு அடுப்புச் சாம்பல். கடைசியாகக் கூட்டிப் பெருக்கிய குப்பை.

குப்பைத்தொட்டிதானே என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான். குப்பை என்றால் ஒரே மூச்சில் கொட்டி மூடியிருப்பார்கள். இங்கே ஒருமுறை வந்திருக்கிறார்கள், எதையோ வைத்திருக்கிறார்கள், குழியைத் திறந்தே விட்டுப் போயிருக்கிறார்கள், மறுபடி வந்திருக்கிறார்கள். பாதுகாத்துக் கொடுத்த பூமிக்கு நன்றிக்கடன் என்பது கன்லிஃபின் வாசிப்பு. ஜே. டி. ஹில் என்ற தொல்லியலாளர் 1995-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். குப்பை, சடங்கு என்று இரண்டு பெட்டி நம் தலையில்தான் இருக்கிறது, அவர்கள் மண்ணில் இல்லை என்பது அவர் வாதம். இப்படிப் பொருள் வைப்பது அடிக்கடி நடந்ததும் இல்லை, இடைவெளி விட்டு எப்போதாவது நடந்தது என்றும் சொன்னார். எனக்கு ஹில் பக்கம்தான் சாய்வு. மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் நாம் செய்வதில் எது சுத்தம் செய்வது, எது சாமி கும்பிடுவது என்று வெளியாள் ஒருவர் பிரித்துச் சொல்லட்டும் பார்க்கலாம்.

குழிகளில் மனித எலும்பும் உண்டு, ஏறக்குறைய 300 பேருடையது. சிலர் முழு உடலாக, காலை மடக்கிய நிலையில். பலர் துண்டாக: ஒரு மண்டையோடு, ஓர் இடுப்பெலும்பு. கூடவே காக்கை இன எலும்புகள் அதிகம். இறந்தவர்களை முதலில் வெளியே பறவைகளுக்கு விட்டு, எலும்பை மட்டும் பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கலாம் என்ற கருத்து இந்தச் சேர்க்கையிலிருந்து வந்தது.

பனி உதிர்த்த கல், மழை கொண்டுவந்த வண்டல் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே, அது யாருடைய ஊகமும் இல்லை. 1960-இல், வில்ட்ஷயர் மாவட்டத்தின் ஓவர்டன் டவுன் என்ற சுண்ண மேட்டில், ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து புத்தம் புதிதாக ஓர் அகழியும் கரையும் வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அது எப்படித் தூர்கிறது என்று பார்ப்பதற்காகவே. 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் ஆண்டுகளில் ஒரு குறுக்குவெட்டு போடுவது, 128 ஆண்டு வரை. முதல் சில குளிர்காலங்களிலேயே அகழியின் பெரும்பகுதித் தூர்வு நடந்துவிடுகிறது, பிறகு புல் பிடித்து ஆமை வேகம் என்பது தெரிந்தது. குளிர்காலத்தில் பருங்கல், அதற்கப்புறம் நுண்மண் என்று மாறி மாறி வரி விழுவதும் தெரிந்தது. தடித்த அடுக்கு என்றால் நீண்ட காலம் என்ற இன்னொரு மனக்கணக்கும் இதோடு போயிற்று. ஒரு முழம் கல் இரண்டு மூன்று குளிர்காலத்தில் விழுந்திருக்கும், அதன் மேல் இருக்கும் விரல் தடிமன் கறுப்பு மண் சேர நூறாண்டு ஆகியிருக்கும்.

டேன்பரியின் பெரிய அகழியில் இதே பாடம் தலைகீழாக வருகிறது. மக்கள் இருந்தவரை அகழியைத் தூர்வாரிக்கொண்டே இருந்தார்கள், வாரியதை வெளி விளிம்பில் கொட்டினார்கள். ஆகவே அகழியின் அடியில் கிடக்கும் முதல் அடுக்கு, கோட்டை தொடங்கிய காலத்தது இல்லை. தூர்வாருவதை நிறுத்திய காலத்தது.

ஆட்டுக்குட்டி, களை, கவண்கல்

அடுக்குகளிலிருந்து சலித்தும் நீரில் மிதக்கவிட்டும் எடுத்த சின்னப் பொருட்கள்தான் அன்றாடத்தைச் சொல்கின்றன. எலும்பில் ஆடு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வரும். அதில் பிறந்த உடனேயே செத்த குட்டிகள் கணிசம். குட்டி போடும் பருவத்தில் மந்தை கோட்டைக்குள்ளேயோ அதை ஒட்டியோ இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நெசவுக்கான எலும்புச் சீப்புகளும் சுண்ணக்கல் தறி எடைகளும் வீட்டுக்கு வீடு போல் கிடைக்கின்றன.

கரிந்த தானியத்தோடு கூடவே கரிந்த களை விதைகளும் வந்தன. களைகளில் சில, மேட்டு நிலத்தில் வராதவை, ஆற்றோர ஈரத்தில் வளர்பவை. விதைகளை ஆராய்ந்த மார்ட்டின் ஜோன்ஸ் இதைப் பிடித்துக்கொண்டு, பல்வேறு மண்ணில் விளைந்த பயிர் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றார். அதாவது சுற்றுவட்டாரத்தின் விளைச்சல். ராஜா வீட்டு வரியாக வந்ததா, ஊர்ப்பொதுவாகச் சேர்த்ததா, பெரிய விருந்துக்கு ஆளுக்கொரு பங்காகக் கொண்டுவந்ததா? ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். கன்லிஃப் தலைவன் ஒருவனை உள்ளே உட்கார வைத்தார். ஆனால் 73 வீடுகளில் எதுவுமே மற்றதைவிடப் பெரிய வீடு என்று எடுப்பாகத் தெரியவில்லை. அரண்மனை இல்லாத இடத்தில் அரசனை வைப்பது கொஞ்சம் கஷ்டம்.

கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவந்த மண் பாத்திரங்களின் துண்டுகளும், வாள் வடிவ இரும்புப் பாளங்கள் 21 சேர்ந்த ஒரு குவியலும் கிடைத்தன. கிழக்கு வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு குழி நிறைய, சுமார் 11,000 கவண்கற்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு கூழாங்கல். யாரோ உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். அந்த வாயிலைப் பலமுறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள், கடைசி வாயில் கி.மு. 100 வாக்கில் எரிந்தது. எரிந்த அடுக்குக்கு மேல் புதிய வாயில் இல்லை.

வீலரின் சாம்பல்

எரிந்த அடுக்கு என்றதும் ஒரு போர்க்களத்தைக் கற்பனை செய்யத் தோன்றும். இங்கேதான் இன்னொரு கோட்டையின் கதையைச் சொல்ல வேண்டும், அதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு.

டேன்பரிக்குத் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் மெய்டன் காசில் இருக்கிறது, இதைவிடப் பல மடங்கு பெரியது. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் 1934 முதல் 1937 வரை அங்கே தோண்டினார்கள். டெஸ்ஸா 1936-இல் இறந்துபோனார். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே வெட்டாத மண் சுவரை விட்டு, அந்தச் சுவரின் முகத்தில் அடுக்குகளைப் பார்த்து எண்ணிட்ட சீட்டைக் குத்தி வைக்கும் முறையை அவர்கள் அங்கே செப்பம் செய்தார்கள். கீழடியில் எடுத்த படங்களில் சதுரம் சதுரமாகத் தெரிகிற குழிகளையும் நடுவில் ஆள் நடக்கும் மண் வரப்பையும் பார்த்திருப்பீர்களே, அந்த முறையின் வம்சாவளி இதுதான். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த வீலர், அடுத்த ஆண்டே புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த பளபளப்பான சிவப்புப் பானை ஓடு அங்கே உள்ளூர் ஓடுகளோடு ஒரே அடுக்கில் கிடைத்தது. இத்தாலிய ஓட்டின் காலம் தெரியும், ஆகவே பக்கத்தில் கிடந்த நம் ஓட்டின் காலமும் பிடிபட்டது. இங்கே அதற்கு முன் ஒரு நிலைமட்டம் வைத்து, பொருள் அதற்குக் கீழே எத்தனை அடியில் கிடந்தது என்று குறிக்கும் பழக்கம் இருந்தது. வீலர் அதைக் காய்ச்சி எடுத்தார். மண் அடுக்கு படுக்கையாகப் போவதில்லை, ஏறும், இறங்கும், குழி அதைத் துளைத்துப் போகும். ஒரே ஆழத்தில் இருக்கும் இரண்டு பொருள் ஒரே காலத்தவை என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவு கறாரான மனிதரும் சறுக்கினார். மெய்டன் காசிலின் கிழக்கு வாயிலில் ஒரு கல்லறைத் தொகுதியும் கரிப் படலமும் கிடைத்தன. சில எலும்புக்கூடுகளில் வெட்டுக்காயம், ஒன்றின் முதுகெலும்பில் இரும்பு முனை. கி.பி. 43-இல் படையெடுத்து வந்த ரோமர்கள் வாயிலைத் தாக்கிக் குடிசைகளைக் கொளுத்தினார்கள், மிஞ்சியவர்கள் அவசர அவசரமாகப் பிணங்களைப் புதைத்தார்கள் என்று எழுதினார். அருமையான கதை, நாடு முழுக்கப் பரவியது. 1985, 86-இல் நயல் ஷார்ப்பிள்ஸ் மறுபடி அங்கே தோண்டினார். அந்த வாயிலோரம் பெரிய அளவில் இரும்பு வேலை நடந்த கழிவு அகப்பட்டது. கரி என்றால் எரிந்த குடிசைதான் என்று இருக்க வேண்டியதில்லை, உலைக்கரியாகவும் இருக்கலாம். பிணங்களோடு பானையும் இறைச்சித் துண்டும் வைத்துப் புதைத்திருந்தது, அவசரத்தில் செய்கிற வேலை மாதிரியும் இல்லை. 2025-இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எலும்புகளுக்கே ரேடியோ கார்பன் காலம் பார்த்தார்கள். மரணங்கள் ஒரே நாளில் நடந்தவை அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பல பத்தாண்டுகளில் அவ்வப்போது நடந்தவை. ரோமர் வருகைக்கு முன்பே. உள்ளூர்ச் சண்டைகள்.

வீலர் அடுக்கைத் தப்பாக வெட்டவில்லை. அடுக்குக்குப் பெயர் வைத்தபோது வரலாற்றுப் புத்தகத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதனால்தான் டேன்பரியின் எரிந்த வாயிலைப் பற்றி நான் எரிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மண்புழுவும் மிச்சமிருக்கும் நிலமும்

ஆள் போன பிறகு டேன்பரியில் புல் ஏறியது. மண்புழு வேலையைத் தொடங்கியது. புழு அடியிலிருந்து நுண்மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து போடும், கல்லும் ஓடும் மெதுவாகக் கீழே இறங்கும். சார்லஸ் டார்வின் 1881-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பழைய மேய்ச்சல் நிலத்தில் மேலே கல்லே இல்லாத மிருதுவான மண்ணும், அதற்குக் கீழே சரளைக் கோடும் இருப்பது இவற்றின் கைங்கரியம். இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒற்றைக் கோதுமை மணி புழுத் துளை வழியாக இரண்டு அடுக்கு கீழே போய் உட்கார்ந்துவிடும். அந்த ஒரு மணியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் வாங்கினால் அடுக்கின் காலம் தப்பாகும். ஆகவே இடம் பெயர வாய்ப்பில்லாத பொருளைத் தேடுவார்கள்: மூட்டுக் கழலாத எலும்பு, ஒரே குவியலாகக் கரிந்து கிடக்கும் தானியம். பின்னாளில் மேட்டில் முயல்களை வளர்த்தார்கள், அவை தோண்டியது தனிக் கணக்கு. மரவேர் இன்னொரு கணக்கு.

கன்லிஃப் 43 சதவீதத்தைத் தொடாமல் விட்டார். 1969-இல் அகழாய்வுகளில் வழக்கமாகாத சில வேலைகளை இன்று செய்ய முடியும். தரையிலிருந்து செங்கல் அளவு மண்ணைக் கலையாமல் வெட்டி எடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி நுண்ணோக்கியில் வைப்பார்கள். மிதிபட்ட தரை, பூசிய தரை, தொழுவத் தரை மூன்றும் அதில் வேறு வேறாகத் தெரியும். ஆட்டுச் சாணத்தில் உருவாகும் நுண்ணிய சுண்ண உருண்டைகள்கூடத் தெரியும். அந்தச் சாம்பல் படலங்களில் எது சமையல் செய்தவர்கள் மிதித்தது, எது குட்டிகளைக் கட்டி வைத்த மூலை என்று பிரிக்கலாம். அதற்கான அடுக்குகள், கரையோரப் பள்ளத்தில் இன்னும் யாரும் திறக்காத பகுதியில், புல்லுக்கு அடியில் இருக்கின்றன.